பெரியப்பா விட்டுப்போன பல நாட்டுப் பொருட்கள்: எது பழசு, எப்படிக் காப்பாற்றுவது?

வேளச்சேரிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். என் பெரியப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கரை இறங்குகிற ஊரிலெல்லாம் எதையாவது வாங்கி வருவார். வாட்ச், சென்ட் பாட்டில் எல்லாம் கிடையாது. பொம்மை, டப்பா, துணி இப்படித்தான். போன வருஷம் அவர் தவறிய பிறகு இரண்டு டிரங்குப் பெட்டிகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீடு. ஐப்பசி வந்தால் தோல் செருப்பில்கூடப் பூசணம் பிடிக்கும்.

பெட்டியில் இருப்பதில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன். உருளை வடிவத்தில், மூடி போட்ட ஒரு டப்பா. கறுப்பு, சிவப்பு. உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள் உட்காருகின்றன. வெளிப்புறம் பூராவும் மயிர் இழை மாதிரிக் கோடுகள், நடுநடுவே குட்டி மனிதர்கள். பர்மாவில் வாங்கியது என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் சிவப்புச் சாயம் பூசிய மரக்குதிரை, ஸ்வீடனாம். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு ரஷ்யப் பொம்மைகள். பளபளவென்று ஒரு கறுப்பு மண் ஜாடி, மெக்சிகோ. கட்டைவிரல் அளவில் பித்தளை மீன், முதலை, பறவை. இவற்றைச் சுற்றியிருந்த காகிதத்தில் 'கானா' என்று எழுதியிருக்கிறார். பல நிறத் துணிகளை அடுக்கி வெட்டித் தைத்த ஒரு சதுரத் துண்டு, நடுவில் ஒரு பறவை. இது பனாமா. இவை போக, கண்ணாடியில் வரைந்த வெண்ணெய்க் கிருஷ்ணர் படம் ஒன்று. அது மட்டும் உள்ளூர்தான், அப்பத்தா வீட்டுச் சுவரில் தொங்கியது.

பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்து பார்த்தார். ரஷ்யப் பொம்மை இருநூறு வருஷம், கறுப்பு ஜாடி நூறு வருஷம், இவை இரண்டுக்கும் நல்ல விலை தருகிறேன், மீதியெல்லாம் சாதாரணச் சரக்கு, வேண்டுமானால் சேர்த்து எடுத்துக்கொண்டு மொத்தமாக ஒரு தொகை போட்டுக் கொடுக்கிறேன் என்றார். வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆசை. எனக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால், இவற்றைப் பார்க்கப் பார்க்க நானும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாமா என்றுகூட இருக்கிறது.

எது நிஜமாகவே பழசு என்று நாமே எப்படிப் பார்ப்பது? மரம், துணி, உலோகம், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைக்கலாமா? நாத்தனார் பித்தளையைப் புளி போட்டு விளக்கித் தருகிறேன் என்று நிற்கிறார், விடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இன்ஜின்ரூம்:

முதலில் நாத்தனாரை நிறுத்துங்கள். புளி, எலுமிச்சை, பித்தளைப் பவுடர் எதுவும் வேண்டாம். மேலே படிந்திருக்கும் அந்தப் பழுப்பு நிறம்தான் உலோகத்தின் வயதுக்குச் சாட்சி. ஒருதடவை பளிச்சென்று ஆக்கிவிட்டால் திரும்ப வராது. ஆனால் பச்சைப் பொடி மாதிரி உதிர்கிற புள்ளி எங்காவது இருந்தால் அது வேறு கதை. உப்புக்காற்றில் வரும் நோய் அது, உள்ளே தின்றுகொண்டே போகும். அந்த உருப்படியைத் தனியாக ஒரு டப்பாவில், சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

நானும் கப்பலில் இருந்தவன்தான். துறைமுக வாசலில் விற்பதில் பாதி போன மாதம் செய்ததாக இருக்கும். அதனால் உங்கள் பெரியப்பா சொன்னதை விட்டுவிட்டு, பொருளைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். முத்திரையோ ஒட்டுச்சீட்டோ இருந்தால் நாட்டின் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். சிலோன் என்று இருந்தால் 1972க்கு முந்தியது. பர்மா என்று இருந்தால் பெரும்பாலும் 1989க்கு முன். 'ஆக்குப்பைடு ஜப்பான்' என்று இருந்தால் போர் முடிந்து அமெரிக்கர்கள் அங்கே உட்கார்ந்திருந்த காலம், 1952க்குள். வெறும் 'நிப்பான்' என்றால் அனேகமாக 1921க்கு முன்னால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான சரக்கு. செக்கோஸ்லோவாக்கியா என்றால் 1918க்கு முன்னால் இருக்க வழியில்லை, அப்படி ஒரு நாடே கிடையாது. பழம்பொருள் படிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

ரஷ்யப் பொம்மைக்கு வருவோம். அது பிறந்ததே 1890களில், மாஸ்கோ பக்கம். கடைந்தவர் ஸ்வியோஸ்டோச்கின், வண்ணத்துக்கு வரைந்து கொடுத்தவர் மால்யூட்டின் என்ற ஓவியர். 1900 பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் வாங்கிய பிறகுதான் உலகம் பூராவும் பரவியது. இருநூறு வருஷத்துப் பொம்மையை வியாபாரி எந்தக் கனவில் பார்த்தாரோ! அடியில் சாகோர்ஸ்க் என்ற ஊர்ப்பெயர் ரஷ்ய எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். செர்கியேவ் போசாத் என்கிற ஊருக்கு 1930 முதல் 1991 வரை அந்தப் பெயர்தான்.

குதிரை, டாலர்னா மாகாணத்தின் டாலா குதிரை. குளிர்காலத்தில் காட்டுக் குடிசையில் அடைந்து கிடந்த மரம்வெட்டிகள் பொழுதுபோக்காகச் செதுக்கியது. நூஸ்னேஸ் கிராமத்தில் 1920களில் பட்டறைகள் வந்தன. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்வீடன்காரர்கள் ஒரு பெரிய குதிரையைக் கொண்டுபோய் நிறுத்திய பிறகு ஆர்டர் கொட்டியது. வயிற்றில் பட்டறைச் சீட்டு ஒட்டியிருந்தால் பட்டறைக் குதிரை. அது குறையும் இல்லை, ஆனால் பழம்பொருள் விலையும் இல்லை.

கானா பித்தளைகள் அசாந்தி மக்களின் பொன் எடைக்கற்கள். பொன் தூள்தான் அங்கே காசு. அதை நிறுக்க வியாபாரம் செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு செட் வைத்திருப்பார்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு அந்த இடத்தில் பித்தளை வார்ப்பது, நம் ஊர் வார்ப்பு மாதிரியேதான். சிலதில் மெழுகே கிடையாது. நிஜ வேர்க்கடலையை, வண்டை மண்ணில் பொதிந்து சுட்டு அந்தக் குழியில் வார்த்திருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் ஆங்கிலேயர் நாணயம் வந்து இந்தப் புழக்கம் நின்றுபோனது. சுற்றுலாக்காரர்களுக்கு வார்ப்பது மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. பழசு கைபட்டுக் கைபட்டு விளிம்பெல்லாம் மழுங்கி வழுவழுப்பாக இருக்கும். புதுசில் செதில், கண், மூக்கு எல்லாம் கூராக நிற்கும், இடுக்கில் செம்மண் பூசி அழுக்கு மாதிரிக் காட்டியிருப்பார்கள். ஈரத்துணியால் ஒரு இடுக்கைத் தொட்டுப் பாருங்கள், வண்டவாளம் தெரிந்துவிடும்.

---

பின்னட்டை:

அம்மா, அந்த வியாபாரி கெட்டிக்காரர். விலை போகாத இரண்டைத் தூக்கி வைத்துப் பேசிவிட்டு, விலை போகிற இரண்டைச் சாதாரணச் சரக்கு என்று சேர்த்து அள்ளப் பார்த்திருக்கிறார். பர்மா டப்பாவும் கிருஷ்ணர் படமும்தான் அவர் கண்ணில் விழுந்தவை என்று நினைக்கிறேன். அவரிடம் பொம்மையையும் ஜாடியையும் மட்டும் கொடுக்கிறேன் என்று ஒரு போன் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஜாடியைப் பற்றி முதலில் முடித்துவிடுகிறேன். மெக்சிகோவில் வாஹாகா பக்கம் சான் பார்த்தோலோ கொயோதெபெக் என்று ஒரு குயவர் ஊர். அங்கே கறுப்பு மண்பாண்டம் ரொம்பப் பழசுதான், ஆனால் அது சாம்பல் நிறத்தில், மினுக்கம் இல்லாமல், தண்ணீரும் மெஸ்கால் சாராயமும் வைக்கிற உறுதியான பாத்திரம். இந்தக் கண்ணாடி மினுக்கம் 1950களில் அந்த ஊர் டோன்யா ரோசா என்ற அம்மையார் கண்டுபிடித்தது. காய்ந்துவரும் பாத்திரத்தைக் கல்லால் தேய்த்து, சூளையிலிருந்து சீக்கிரமே இறக்கிவிடுவார்கள். இன்னும் வெந்தால் மினுக்கம் போய்விடும். அதனால் அதில் தண்ணீர் நிற்காது, கசியும். பூ வைக்க வேண்டாம். அழகுக்கு வையுங்கள்.

நான் காரைக்குடியில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்தவன், இப்போது மகன் பார்க்கிறான். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் பலர் எங்களிடம்தான் படம் கொண்டுவருவார்கள். சட்டம் போடுகிறவன் எந்தப் படத்தையும் முதலில் திருப்பித்தான் போடுவான். சாமி முகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் பிறகு. ஆணி எப்படித் துரு ஏறியிருக்கிறது, பலகை ரம்பத்தால் அறுத்ததா இயந்திரத்தில் இழைத்ததா, எந்தத் தாளை ஒட்டியிருக்கிறான், இதைத்தான் பார்ப்பேன். எந்த நாட்டுப் பொருளாக இருந்தாலும் என் வழி அதுதான். செய்தவன் முன்பக்கத்தைப் பார்க்கிறவர்களுக்காகச் செய்கிறான். ஏமாற்றுகிறவனும் அங்கேதான் உழைப்பான். பின்பக்கமும் அடிப்பக்கமும் யாரும் மெனக்கெடாத இடம்.

உங்கள் பர்மா டப்பா வெற்றிலைப் பெட்டி. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் இதைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ரங்கூனிலும் மாந்தளையிலும் வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் கொண்டுவந்து குவித்தது. 1942 போர், 1960களில் அங்கே எல்லாம் தேசியமயம் என்று ஆனபிறகு வரத்து நின்றது. பகான் ஊர்தான் இந்த வேலைக்குப் பேர்போனது. மூங்கிலை இழையாகச் சீவி டப்பா முடைவார்கள். உயர்ந்த ரகத்தில் மூங்கிலோடு குதிரைவால் மயிரும் சேரும். அதன்மேல் 'திட்சி' என்ற மரத்துப் பால் பூசி, ஈரம் உள்ள நிலவறையில் காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி காயவைத்து... மாதக்கணக்கில் ஆகும். ஆமாம், ஈரத்தில்தான் அது இறுகும், வெயிலில் காய்வதில்லை. நம் சன்னப்பட்டணா, ஏட்டிகொப்பாகா பொம்மையில் பூசும் அரக்கு பூச்சியிலிருந்து வருவது, சூடு பட்டால் இளகும். இது இளகாது.

அப்புறம் எழுத்தாணி மாதிரி ஒரு ஊசியால் கோடு கீறி, சிவப்பைத் தேய்த்து நிரப்பி, மூடி, தேய்த்துவிட்டு, அடுத்த நிறத்துக்கு மறுபடி கீறுவார்கள். பச்சை, மஞ்சள் எல்லாம் அப்படித் தனித்தனியாக. ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். கோடு பள்ளமாக இருந்து நிறம் அதற்குள் உட்கார்ந்திருந்தால் கீறிய வேலை. நிறம் மேலே மேடாகத் தெரிந்தால் தூரிகையால் வரைந்த மலிவுச் சரக்கு. அடுத்து, மேல்தட்டில் சுண்ணாம்புக் கறை இருக்கிறதா? தட்டுகள் இறங்கி ஏறிய இடத்தில் உட்சுவர் தேய்ந்திருக்கிறதா? அடி விளிம்பு தரையில் உரசி உள்ளே மூங்கில் தெரிகிறதா? வெற்றிலைப் பெட்டி என்றால் தினம் பத்துத் தடவை திறந்திருப்பார்கள். அம்பது வருஷம் புழங்கிய பெட்டியில் அந்தத் தேய்மானம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். தேய்மானம் பளிச்சென்று வெளியில் தெரிகிற இடத்தில் மட்டும் இருந்து, உள்ளே புத்தம் புதுசாக இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறான். பர்மிய எழுத்து எங்காவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். செய்தவர் பெயரோ உரிமையாளர் பெயரோ எழுதுகிற வழக்கம் உண்டு.

ஒரு எச்சரிக்கை. நல்ல குதிரைமயிர்க் கிண்ணத்தை இரண்டு விளிம்பும் தொடுகிற அளவுக்கு அழுத்தினாலும் உடையாது என்று காட்டுவார்கள். அது புதுசில் செய்கிற வேடிக்கை. உங்கள் டப்பாவில் கை வைக்காதீர்கள்.

இனி கிருஷ்ணர். இதுதான் எனக்குப் பிடித்த விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் படத்தை எல்லாம் தலைகீழாக வரைய வேண்டும். தாளில் கடைசியாக வைக்கிற கண் மை, நகைக்கோடு, நெற்றித் திலகம் கண்ணாடியில் முதலில். அதற்குப் பின்னால் உடம்பு நிறம், அதற்குப் பின்னால் துணி, எல்லாம் முடிந்த பிறகு பின்னணி. கண் தப்பாக விழுந்தது என்று கடைசியில் திருத்த முடியாது, அது அடியில் போய்விட்டிருக்கும். நகை இருக்கும் இடத்தில் வண்ணம் பூசாமல் விட்டுப் பின்னால் ஜிகினாத் தாள் வைப்பார்கள். தஞ்சாவூர் வழியில் கிருஷ்ணர் உப்பிய கன்னத்தோடு, தொப்பையோடு, வெள்ளையாகக்கூட இருப்பார்.

படத்தைச் சாய்த்து, டியூப்லைட் பிம்பம் கண்ணாடியில் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். நெளிந்து நெளிந்து ஓடினால் பழைய கண்ணாடி. அசையாமல் நேர்கோடாக நின்றால், உருக்கிய தகரத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்கிற ஃப்ளோட் கண்ணாடி. அந்த முறையை இங்கிலாந்தில் அறிவித்தது 1959இல். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். இடிக்கிற வீட்டு ஜன்னல் கண்ணாடியை வாங்கி அதில் புதுசாக வரைகிறவர்களும் இருக்கிறார்கள். வண்ணத்தின் பின்பக்கம் பார்க்க முடிந்தால் பாருங்கள். பழசு மங்கி, நொறுங்கி, தூசி ஏறியிருக்கும்.

சேர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். நாட்டுக்கு ஒன்று என்று வாங்கப் போனால் பை நிறையும், கண் பழகாது. ஒரே வேலையை எடுத்துக்கொண்டு அது போன நாடெல்லாம் போங்கள். எனக்குக் கண்ணாடிப் படம். சீனத்துக் கான்டனில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வியாபாரிகளுக்காக வரைந்தார்கள். ருமேனியாவில் டிரான்சில்வேனியாக் கிராமத்து விவசாயிகள் கிறிஸ்தவப் புனிதர்களை வரைந்தார்கள். நிகுலா மடத்துப் படம் கண்ணீர் விட்டது என்று 1699இல் பரவிய பேச்சுக்குப் பிறகு அந்தப் பக்கம் இந்தத் தொழிலே வளர்ந்தது. செனகலில் இன்றைக்கும் வரைகிறார்கள். என்னிடம் ருமேனியப் படம் ஒன்று இருக்கிறது, புனித ஜார்ஜ் குதிரைமேல். அவர் கன்னத்துச் சிவப்பைப் பார்த்தால் தஞ்சாவூர் கிருஷ்ணருக்கு அண்ணன் என்று சொல்லிவிடலாம். விலை அதிகமில்லை, இருபதாம் நூற்றாண்டு வேலை. பழசு என்று பொய் சொல்லாமல் விற்றவரிடம் வாங்கினேன், அதனாலேயே பிடிக்கும்.

---

வேளச்சேரிவாசி:

ஐயா, கைகொடுங்கள். போன் போட்டேன். பொம்மையும் ஜாடியும் மட்டும் என்றதும், "தனியா எடுக்கிறதில்ல மேடம், மொத்தமா கொடுக்கிறதுன்னா சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். வீட்டுக்காரர் அதற்கப்புறம் விற்கிற பேச்சை எடுக்கவில்லை.

பொம்மையின் அடியில் ரஷ்ய முத்திரை. மகன் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தான், சாகோர்ஸ்க்தான். குதிரை வயிற்றில் நூஸ்னேஸ் என்று சீட்டு இருக்கிறது. எடைக்கற்களில் முதலையின் முதுகு கரகரவென்று, ஈரத்துணியில் செம்மண் வந்தது. மீன் மட்டும் வழுவழுப்பு, மண்ணும் வரவில்லை.

வெற்றிலைப் பெட்டியில் கோடுகள் பள்ளம். மேல்தட்டில் வெள்ளைக் கறை அப்படியே இருக்கிறது, நான் துடைக்க இருந்தேன், நீங்கள் எழுதியதைப் பார்த்து விட்டுவிட்டேன். கிருஷ்ணர் கண்ணாடியில் டியூப்லைட் பாம்பு மாதிரி நெளிகிறது. பின்னால் ஒட்டியிருக்கும் செய்தித்தாள் ஒரு ஓரத்தில் கிழிந்து 1957 என்று தெரிகிறது. அப்படியானால் படம் 1957ஆ? இன்னொன்று, சட்டத்தின் கீழ்ப்பக்கம் கண்ணாடிக்கு உள்ளே நீலமும் வெள்ளையுமாகத் துகள் கிடக்கிறது.

பனாமாத் துணியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

நூலும்ஊசியும்:

துணிக்கு நான் வருகிறேன். அது மோலா. பனாமாவின் கரீபியன் கரையில் தீவுகளில் வாழும் குனா பெண்கள் ரவிக்கையில் வைத்துத் தைப்பது, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மூன்று நான்கு நிறத் துணிகளை அடுக்கி, மேல் துணியை வெட்டி மடித்துத் தைத்தால் கீழ்நிறம் கோடாக எட்டிப்பார்க்கும். முன்னாடி காலத்தில் உடம்பில் வரைந்துகொண்ட கோலம் துணிக்கு மாறியது என்பார்கள். 1925இல் பனாமா அரசு இந்த உடையையும் வழக்கங்களையும் ஒழிக்கப் பார்த்தபோது அவர்கள் கலகம் செய்தே காப்பாற்றினார்கள். அதனால் அவர்களுக்கு இது வெறும் ரவிக்கை இல்லை.

நாலு ஓரத்தையும் பாருங்கள். ரவிக்கையில் இருந்து பிரித்த மோலா என்றால் ஓரத்தில் பழைய தையல் ஓட்டை வரிசையாக இருக்கும், தையலுக்குள் மடங்கியிருந்த பட்டை வெளுக்காமல் அடர்நிறமாக நிற்கும், அக்குள் பக்கம் தேய்ந்திருக்கும். ஓட்டையே இல்லாமல் ஓரம் சுத்தமாக இருந்தால் விற்பதற்கென்றே தைத்தது. அதிலும் நல்ல வேலை உண்டு. தையல் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக, கோடுகள் ஒரே அகலத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். எனக்கு வயதைவிட அது முக்கியம்.

சென்னை வீட்டுக்குக் கொஞ்சம். எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைக்கலாம், ஆனால் உளு அடித்த மரத்தை மட்டும் கலக்காதீர்கள். மரப்பொருளை ஒரு வெள்ளைத்தாளின் மேல் ஒரு வாரம் வையுங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. மெழுகுப்பூச்சோ வண்ணப்பூச்சோ இல்லாத மரத்தையும் துணியையும் பாலிதீன் பையில் காற்றைப் பிழிந்து இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போகிற ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்துவிட்டு, வெளியே எடுத்து ஒருநாள் பையைத் திறக்காமல் விடலாம். அருங்காட்சியகங்களில் செய்கிற முறைதான். பர்மா டப்பா, கண்ணாடிப் படம், கெட்டியாக வண்ணம் பூசியவை இவற்றை ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்துருண்டை வேண்டாம், துணிக்கும் ஆகாது உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம், துணிமேல் படக்கூடாது. மோலாவை மடிக்காமல் மெல்லிய பருத்தித்துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். சுவரில் மாட்டினால் வெயில் நேராகப் படாத சுவர். ஏசியை ராத்திரி போட்டுப் பகலில் அணைக்கிற அறையைவிட, ஏசியே இல்லாத, காற்றோட்டமுள்ள அறை மரத்துக்கு நல்லது. ஈரம் ஏறி இறங்குவதுதான் மரத்தையும் மெருகையும் பிளக்கும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள் ஆகிவிடும். கல், உலோக, மரச் சிற்பங்கள், ஓவியங்கள் போன்றவற்றை வீட்டில் வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். நாட்டைவிட்டு வெளியே தனியார் கொண்டுபோகக் கூடாது. நூறு வயது ஆகாத, ஆனால் பழசாகத் தெரிகிற பொருளை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்புவதாக இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் நின்று அழ வேண்டாம். யானைத்தந்தம் எந்த வயதாக இருந்தாலும் தொடாதீர்கள். ஆப்பிரிக்காவின் மண்ணைத் தோண்டி எடுத்த சுடுமண் சிலை என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். நைஜீரியாவின் நோக், மாலியின் ஜென்னே பகுதிச் சிலைகளெல்லாம் கொள்ளைபோகிற பொருட்கள் என்று உலக அருங்காட்சியக அமைப்பே சிவப்புப் பட்டியல் போட்டிருக்கிறது.

---

இன்ஜின்ரூம்:

அந்த மீனைப் பத்திரமாக வையுங்கள் சகோதரி. முதலையை மகனுக்கு விளையாடக் கொடுங்கள்.

---

பின்னட்டை:

1957 என்பது படத்தின் வயது இல்லை அம்மா, அனேகமாகக் கடைசியாகச் சட்டம் போட்ட வருஷம். கையில் கிடைத்த தாளை ஒட்டிவிடுவோம். படம் அதற்கு முந்தியதாக இருக்கலாம், ஆனால் தாளை மட்டும் வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. முன்பக்கம் குங்குமம், சந்தனம் பூசிய தடம் இருக்கிறதா? இருந்தால் பூஜையில் இருந்த படம். அது கண்ணாடியின் வெளிப்பக்கம், படத்துக்குச் சேதமில்லை. துடைக்க வேண்டுமானால் பஞ்சை லேசாக நனைத்து, பிழிந்துவிட்டுத் துடையுங்கள். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரேயை நேராக அடிக்காதீர்கள், ஓரம் வழியாக உள்ளே இறங்கி வண்ணத்தைத் தூக்கிவிடும்.

உள்ளே துகள் கிடப்பதுதான் கவலை. வண்ணம் கண்ணாடியை விட்டுப் பிரிகிறது. படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள். முன்பக்கம் கீழேயும் பின்பக்கம் மேலேயும் வருகிற மாதிரிப் படுக்கவையுங்கள். வண்ணம் கண்ணாடியின்மேல் உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும். பின்னட்டையைத் திறக்காதீர்கள், அட்டையோடு வண்ணம் ஒட்டிக்கொண்டு வரும். இதை எங்களை மாதிரிச் சட்டக்காரனிடம் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன். ஃபெவிகால் வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லிருந்து ரசாயனப் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே போய் ஆலோசனை கேளுங்கள். பெங்களூரு சித்ரகலா பரிஷத்தில், மரபுப் பொருட்களைக் காக்கிற இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையமும் உண்டு. காரில் கொண்டுபோனால் அதே மாதிரிப் படுத்த நிலையில், அடியில் தலையணை போட்டு.

சரிசெய்து வந்த பிறகு சட்டம் போடும்போது கடைக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வண்ணத்துக்கும் பின்னட்டைக்கும் நடுவில் அரை அங்குலமாவது இடைவெளி விட்டு உள்ளே கட்டை வைக்க வேண்டும். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்ட வேண்டும், அப்போதுதான் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவரில்.

மற்றவற்றை எப்படி அடுக்குவது என்று யோசிக்கிறீர்கள் என்றால், அலெக்சாண்டர் ஜிரார்ட் என்று ஒரு அமெரிக்க வடிவமைப்பாளர் நூறு நாடுகளுக்கு மேல் பொம்மையும் துணியுமாக லட்சம் உருப்படி சேர்த்து, 1978இல் சான்டா ஃபே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவர் நாடு நாடாகப் பிரிக்கவில்லை. மெக்சிகோ சந்தைக்குப் பக்கத்தில் இன்னொரு நாட்டு ஊர்வலம், பொம்மைகளை வைத்தே தெருவும் கோயிலும் கட்டிவிட்டார், பெயர்ச்சீட்டும் ஒட்டவில்லை. உங்கள் குதிரையையும் ரஷ்யப் பொம்மைகளையும் அப்படிக் கலந்து வையுங்கள். ஆனால் பெரியப்பா எழுதின காகிதச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தச் சீட்டு எந்தப் பொருளோடு இருந்தது என்று போனில் படம் எடுத்து, ஒரு நோட்டில் எண் போட்டு எழுதிவையுங்கள். எண்ணைப் பொருளின்மேல் பேனாவால் எழுதாமல், நூலில் அட்டை கட்டித் தொங்கவிடுங்கள். டப்பாவில் பர்மிய எழுத்து இருந்தால் படம் போட மறக்க வேண்டாம், இங்கே படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.